சிறுதேரை மறிப்பவர் யார்?

சோழநாட்டுப் பாக்கம் ஒன்றின் முற்றத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் நமக்குக் காட்டுகிறார். முற்றத்தில் உணவு தானியம் காய்கிறது. கொத்த வந்த கோழியை விரட்டக் கல் தேடாமல், காவலிருந்த மகளிர் காதிற் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. இத்தகைய தடையைத் தவிர, மனங்கலங்கத் தக்க வேறு பகையை அவ்வூரார் அறியார் என்கிறார் புலவர். மேடைப் பேச்சாளர்கள் இப்பகுதியைச் சோழநாட்டுச் செல்வத்துக்குச் சான்றாக எடுத்தோதுவர். நாமும் ஓதியிருக்கிறோம். இவ்வாண்டு மீண்டும் படித்தபோது நம் கண் குழையின்மேல் நிற்கவில்லை, தேரின்மேல் நின்றது. ஒரு குழந்தையின் விளையாட்டு வண்டி தடைப்பட்டதையும் ஊர் கண்ட பகையாகக் கணக்கில் வைத்த சமுதாயம் அது.

இனி, யமுனைக்குக் கிழக்கே நாம் வாழும் குடியிருப்பின் முற்றத்துக்கு வருவோம். மாலை ஐந்தரை மணி. ஒருகாலத்தில் புல்லும் மண்ணுமாகக் கிடந்த இடத்தில் இன்று சிமென்டுக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. கற்களின்மேல் கார்கள் நிற்கின்றன. எஞ்சிய சிறு பூங்காவைச் சுற்றி இடுப்பளவு கம்பி வேலி. அதன் வாயிலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை: பந்து விளையாடக் கூடாது, மிதிவண்டி ஓட்டக் கூடாது, புல்லில் நடக்கக் கூடாது. தமிழில் எழுதப்படவில்லை என்பது ஒன்றே நமக்குள்ள ஆறுதல். அவ்வாறுதலும் நீடிப்பதற்கில்லை, ஏனெனில் அப்பலகை நடுவதென முடிவெடுத்த நலச் சங்கக் கூட்டத்தின் பதிவேட்டில் தமிழர் கையெழுத்துகள் ஐந்து உள்ளன. அவற்றுள் ஒன்று நம்முடையது.

பிள்ளைகள் விளையாடுவதில்லை, கைப்பேசியைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லை, காலம் கெட்டுவிட்டது என்று கூடுமிடமெல்லாம் குறைகூறுகிறோம். காலம் வந்து பலகை நடவில்லை. கைப்பேசி வந்து முற்றத்துக்குக் கல் பதிக்கவில்லை. விளையாட இருந்த இடத்தையும் பொழுதையும் நம் கையாலேயே பறித்துவிட்டு, மிஞ்சிய ஒன்றைப் பிள்ளைகள் பற்றிக்கொண்டனர் என்று சினப்பது எவ்வகை நீதி?

தில்லிக்கு வந்த நம் முன்னோரை எண்ணிப் பார்ப்போம். கரோல்பாக்கின் ஒண்டுக் குடித்தனங்களிலும், லோதி காலனியிலும், பின்னர் சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் அரசுக் குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தனர். வீடு சிறிது, இரண்டு அறைக்குள் எண்மர். ஆனால் அரசுக் குடியிருப்புகளில் வீடுகளுக்கு நடுவே ஒரு திடல் இருந்தது. மாலையில் அத்திடல் பிள்ளைகளுடையது. அங்கே தஞ்சாவூர்ப் பிள்ளையும் லூதியானாப் பிள்ளையும் மைமன்சிங்கிலிருந்து வந்த வங்காளிப் பிள்ளையும் ஒரே கோட்டுக்குள் நின்றன. நம் கிட்டிப்புள் அவர்களுக்குக் கில்லி டண்டா. நம் பாண்டி அவர்களுக்கு ஸ்டாபூ. நம் அஞ்சாங்கல்லைப் பஞ்சாபிச் சிறுமியர் கிட்டே என்றனர். கோலிக்குண்டு கஞ்சே ஆயிற்று. கண்ணாமூச்சி சுபன் சுபாயி ஆயிற்று. ஆட்டம் ஒன்றே, பெயர்தான் வேறு. கையால் ஆடத் தெரிந்த ஒன்றுக்கு வாயால் பெயர் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? அரசு அலுவலகத்தில் இருபதாண்டு எழுதியும் தந்தையின் நாவில் நிற்காத இந்தி, திடலில் இரு மாதத்தில் பிள்ளையின் நாவில் நின்றது. அப்பிள்ளை வாயிலாகவே அன்னை காய்கறிக்காரனிடம் பேரம் பேசக் கற்றாள். இந்நகரம் நமக்கு ஊரானது அரசாணையால் அன்று, அந்தத் திடலால்.

தமிழும் அங்கேதான் தழைத்தது என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு திடலைச் சுற்றி நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருந்தால், ஏழெட்டுப் பிள்ளைகள் தமக்குள் தமிழில் சண்டையிட்டன. ‘நீ அவுட்டு’, ‘இல்லை, கோட்டைத் தொட்டேன்’ என்று வாதிடும் தமிழ் இலக்கணம் தப்பிய தமிழாக இருக்கலாம். ஆயினும் உயிருள்ள தமிழ். இன்று ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். அகரம் எழுதுகிறார்கள், ஆத்திசூடி ஒப்பிக்கிறார்கள், பரிசும் பெறுகிறார்கள். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது தமக்குள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசிக்கொள்கிறார்கள். பெற்றோரோடும் ஆசிரியரோடும் மட்டும் பேசும் மொழி பிள்ளைக்கு ஒரு கடமை. ஒத்த வயதினரோடு வாதிடவும் கேலி செய்யவும் கமுக்கம் பேசவும் பயன்பட்டால்தான் அது அதற்குச் சொந்தம். அவ்வாறு பயன்படும் இடத்தை நாம் மூடிவிட்டோம்.

இதற்கு விடையாக ஆண்டுதோறும் நடைபெறும் விளையாட்டு விழாவை நண்பர்கள் சுட்டுவர். ஆம், நடத்துகிறோம். எலுமிச்சையும் கரண்டியும், இசை நாற்காலி, சாக்கு ஓட்டம், ஒலிபெருக்கியில் பெயர் அழைப்பு, முதல் மூவருக்குக் கோப்பை, தலைவர் உரை. ஓராண்டின் 365 நாள்களில் ஒருநாள் காலை நான்கு மணி நேரம். எஞ்சிய 364 நாள்களுக்கு என்ன சொல்கிறோம்? ஒருநாள் விருந்து படைத்துவிட்டு ஆண்டு முழுதும் அடுப்பெரிக்காத வீட்டை எவரும் மெச்சுவதில்லை. பயிற்சி வகுப்புகளுக்கும் இதே விடைதான். கட்டணம் கட்டிக் கிரிக்கெட் கற்கும் சிறுவன், பயிற்சியாளர் நில் என்றால் நிற்கிறான், எறி என்றால் எறிகிறான். திறமை வளரலாம்; அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் அது பள்ளிக்கூடத்தின் மற்றொரு பாடவேளை. பிள்ளைகள் தாமே தொடங்கி, தாமே நடத்தி, தாமே விதி வகுத்துக்கொள்வதே விளையாட்டு என்று ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைக் குழு 2013-ல் வெளியிட்ட விளக்கத்தில் வரையறுத்தது. மூன்று பேர் இருக்க நான்கு பேர் ஆட்டத்தை எப்படி ஆடுவது, சின்னப் பிள்ளைக்கு எத்தனை சலுகை தருவது, அழுதவனை எப்படி மீண்டும் சேர்ப்பது என்பனவற்றை எந்தப் பயிற்சியாளரும் கற்பிப்பதில்லை. ஒப்புக்குச் சப்பாணி என்று சிறுவனைச் சேர்த்துக்கொண்ட அந்தச் சட்ட அறிவு திடலில் பிறந்தது.

நம் மலர்களிலும் ஒரு குறை உண்டு. பதிப்பாசிரியர் பொறுத்தருள்க. சடுகுடு தமிழன் கண்டது, கழங்கு சங்ககாலத்தது என்று ஒவ்வோர் ஆண்டும் எவரேனும் எழுதுகிறோம். 2025 ஜனவரியில் முதல் உலகக் கோப்பைக் கோ-கோ போட்டி நம் தில்லியிலேயே நடந்தது. ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் இந்தியா வென்றது. நாமும் இனிப்பு வழங்கினோம். அதே மாலை நம் குடியிருப்பில் கோ-கோ ஆட முனைந்த ஆறு சிறுமியரைக் காவலாளி விரட்டினார். விரட்டும்படி அவருக்கு ஆணையிட்டவர்கள் நாம்.

சிறுமியர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலாது. தெருவிலிருந்து முதலில் மறைந்தவர்கள் அவர்களே. பையன்கள் கார்களுக்கிடையே மட்டையை எடுத்துக்கொண்டு எப்படியோ ஒரு சந்தைக் கண்டுபிடிக்கிறார்கள். வைதால் ஓடி, மீண்டும் வருகிறார்கள். பெண்பிள்ளை ஒருமுறை வையப்பட்டால் மறுநாள் இறங்குவதில்லை. அவளை இறங்கவிடாமல் வீட்டிலும் நூறு காரணம் காத்திருக்கிறது. குமரகுருபரர் மீனாட்சியம்மையை அம்மானை ஆடச் செய்தார். ஊசலில் ஏற்றி ஆட்டினார். பின்னர் வடக்கே வந்து காசியில் மடம் நிறுவிய அவரை, நமக்கு முன்னே வந்து குடியேறியவர் என்று போற்றுகிறோம். உலகாளும் தேவியையே விளையாடும் பெண்பிள்ளையாகக் கண்ட மரபில் வந்தவர்கள், பத்து வயது மகளைப் பார்த்து ‘இன்னும் என்ன குதியாட்டம்?’ என்று கேட்கிறோம்.

மறுப்புகளைக் கேட்போம்.

படிப்புக் கெடும் என்பர். உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் நன்கு இயங்க வேண்டும் என்கிறது. கண்ணைப் பற்றியும் சொல்லலாம். தில்லிப் பள்ளிப் பிள்ளைகளிடையே நிகழ்த்தி 2015-ல் வெளியிடப்பட்ட ஆய்வு, 13 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை உள்ளதெனக் கண்டது. அதே ஆண்டு வெளியான சீனத்துக் குவாங்சௌ நகர ஆய்வில், பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விடப்பட்ட சிறார்களுள் மூன்றாண்டில் 30.4 விழுக்காட்டினரும், விடப்படாதவருள் 39.5 விழுக்காட்டினரும் கிட்டப்பார்வை பெற்றனர். படிப்புக்காகவே பிள்ளையை உள்ளே அடைக்கிறோம். படிக்கும் கண்ணோ வெளிவெளிச்சத்தைக் கேட்கிறது.

காற்று நஞ்சாயிற்றே என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. 2016 நவம்பரிலும் 2023 நவம்பரிலும் 2024 நவம்பரிலும் நச்சுப்புகையால் இந்நகரின் பள்ளிகளையே மூட நேர்ந்தது. அந்நாள்களில் பிள்ளையை ஓடவிடச் சொல்வது கொலைக்கு நிகர். வெயில் கொளுத்தும் மே, ஜூன் பிற்பகல்களையும் கழிப்போம். அப்படியும் பிப்ரவரியும் மார்ச்சும் உண்டு, மழை கழுவிய ஜூலையும் ஆகஸ்டும் உண்டு, செப்டம்பர் உண்டு. பட்டம் பறக்கும் ஆகஸ்டு மாதத்து வானத்தைக் கண்டும் பிள்ளையை உள்ளே வைத்திருப்பவர் காற்றின்மேல் பழிபோட வழியில்லை.

ஆபத்து என்பர். எது ஆபத்து? முன்பின் அறியாதவன் தூக்கிச் செல்வான் என்ற அச்சம் பெரிது. ஆனால் இருபது பிள்ளைகள் கூச்சலிட்டு, நான்கு பாட்டிமார் அமர்ந்திருக்கும் முற்றத்துக்குள் அவன் நுழைவது அரிது. ஆளற்ற முற்றத்துக்குள் நுழைவதே எளிது. நாள்தோறும் கண்முன் நிற்கும் ஆபத்து வேறு. அது நம் வாயிலுக்குள் வேகம் குறைக்காமல் வரும் நம் கார். அதை அடக்குவதற்கு மாறாகப் பிள்ளையை அடக்கினோம். தில்லிப் பெருந்திட்டம் 2021, திறந்தவெளியில் ஒரு கார் நிறுத்த 23 சதுர மீட்டர் வேண்டும் எனக் கணக்கிட்டது. ஆடவர் கபடிக் களத்தின் அளவு 13 மீட்டருக்கு 10 மீட்டர்; அதாவது 130 சதுர மீட்டர். ஆறு கார்களை அகற்றினால் ஒரு முழுச் சடுகுடுக் களம் கிடைத்துவிடும். நம் குடியிருப்பில் வாரத்துக்கொருமுறை கூட நகராத கார்கள் மட்டுமே ஆறுக்கு மேல் உள்ளன. தூசு படிந்த அவற்றின் கண்ணாடியில் பிள்ளைகள் விரலால் படம் எழுதுகிறார்கள். இப்போதைக்கு அவர்கள் விளையாட்டு அவ்வளவே.

முதியோருக்கு இரைச்சல் என்பர். நாமே முதியோர். பிற்பகல் உறக்கத்தின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் ஐந்தரை மணிக்கு எவர் உறங்குகிறார்? திருமண ஊர்வலத்து மேளத்தையும் நவராத்திரி ஒலிபெருக்கியையும் நள்ளிரவு வரை பொறுக்கும் செவி, பிள்ளையின் கூவலை மட்டும் பொறுக்காதது வியப்பு. தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வழங்கும் புறநானூற்றுப் புலவரை நினைத்துக்கொள்வோம். தடியூன்றி, இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதுமையில் அவர் நினைத்து ஏங்கியது பொருளை அன்று, பதவியை அன்று. மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதையும், நீர்மேல் தாழ்ந்த மருத மரக் கிளையேறி, கரையில் நின்றோர் மருளக் குதித்து, ஆழத்து மணலை அள்ளி வந்ததையும் நினைத்து ஏங்கினார். இன்று பத்து வயதில் இருப்பவருக்கும் எழுபது வயது வரும். அன்று அவர்கள் நினைத்துக்கொள்ள நாம் என்ன கொடுத்திருக்கிறோம்? மின்தூக்கியின் நான்கு சுவர்களையா?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நான்கு களங்களைக் கூறுமிடத்துச் செல்வம், அறிவு, புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் சேர்த்தே எண்ணினார். ஓய்ந்த நேரத்துப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவில்லை. இன்றைய சட்டமொழியிலும் அதற்கு இடமுண்டு. 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 31-ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. 2024 முதல் ஜூன் 11 உலக விளையாட்டு நாள் எனவும் குறிக்கப்பட்டுள்ளது. அதையும் ஒரு விழாவாக்கித் தலைமையுரையோடு முடித்துவிடுவோமோ என்பதே நம் அச்சம். 2013 நவம்பரில், அன்று குர்காவ்ன் எனப்பட்ட குருகிராமில் ராஹ்கிரி தொடங்கியது. மறு ஆண்டு கன்னாட் பிளேசுக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கார் புகாத சாலையில் பல்லாயிரவர் ஆடியதும் ஓடியதும் நல்ல காட்சி. ஆயினும் அங்கே போக நாம் காரில்தான் சென்றோம்! வீட்டு வாயிலில் நாள்தோறும் கிடைக்க வேண்டியதை, வாரத்துக்கொருமுறை பத்துக் கல் தொலைவில் தேடும் நிலைமை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2009-ல் சில தாய்மார் வேறு வழி கண்டனர். பள்ளிவிட்ட பின் சில மணி நேரம் தம் சொந்தத் தெருவைக் காருக்கு மூடினர். பயிற்சியாளர் இல்லை, பரிசு இல்லை. பிள்ளைகளை வெளியே விட்டனர், அவ்வளவே. அந்நகராட்சி பின்னர் அதற்கு விதியே வகுத்தது. பிரிஸ்டல் குளிரில் இயலுவது நம் மார்ச்சு மாலையில் இயலாதா?

இதனினும் கசப்பான ஒன்று உண்டு. நம் முற்றத்தில் பிள்ளைகளே விளையாடவில்லை என்றா சொன்னோம்? பிழை. துணி தேய்ப்பவரின் பிள்ளைகள் மூவர், காவலாளியின் மகன், எதிரே கட்டடம் எழுப்பும் தொழிலாளரின் மக்கள் ஆகியோர் மணற்குவியலில் ஏறிச் சறுக்குகிறார்கள். பழைய டயரை உருட்டுகிறார்கள். உருத்திரங்கண்ணனார் கண்டிருந்தால் அதைச் சிறுதேர் என்றே பாடியிருப்பார். நம் பிள்ளைகள் நான்காம் மாடியின் கம்பி வழியே அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘அவர்களோடு சேராதே’ என்பது நாம் சொல்லிக்கொடுத்த பாடம். அந்த ‘அவர்கள்’ யார்? 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதே, அங்கு வாழ்ந்தவர் நம்மூர்க்காரர். நம் வீடுகளில் பாத்திரம் துலக்கியவர். நம் மொழி பேசியவர். ஒரு பகுதியினருக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் இடம் கிடைத்தது, எஞ்சியவருக்கு அதுவுமில்லை. இத்தனை ஆண்டுகளில் அவர்கள் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரு மாலையேனும் ஒரே கோட்டுக்குள் நின்றதுண்டா? தமிழர் ஒற்றுமை குறித்து நம்மில் எத்தனை பேர் எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்! 2016-ல் ஒன்றிய அமைச்சரவை சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்து உயர்மாடிகளாக்க ஒப்புதல் தந்தபோது, பழைய திடல்கள் போகின்றனவே என்று நாம் வருந்தியது உண்மை. அத்திடல்களில் எழுத்தர் மகனும் பணியாள் மகனும் கலந்திருந்தனர் என்பதையும் சேர்த்தே வருந்தியிருக்க வேண்டும்.

ஆதலின் நாம் கேட்பது பெரிதன்று. நாள்தோறும் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, குடியிருப்பின் உள்வழியில் ஒரு பகுதி கார் நுழையாமல் இருக்கட்டும். வாயிலில் இரண்டு நாற்காலிகளைக் குறுக்கே போட்டால் போதும், அரசு உத்தரவு வேண்டியதில்லை. நகராத கார்கள் பின்புறம் செல்லட்டும். ஒரு பெட்டி சுண்ணக்கட்டியும் இரண்டு ரப்பர்ப் பந்தும் காவலாளி அறையில் இருக்கட்டும். நாள்தோறும் முறைவைத்து இரு தாத்தா பாட்டியர் அமர்ந்திருக்கட்டும். அடிபட்டால் மஞ்சளோ மருந்தோ இடலாம், ஆட்டத்தில் மட்டும் தலையிட வேண்டா. துணி தேய்ப்பவர் பிள்ளைக்கும் வாயில் திறந்திருக்கட்டும். கார்க் கண்ணாடி உடைந்தால் நலச் சங்க நிதியிலிருந்து மாற்றித் தரலாம். அந்நிதியில் ஆண்டுக்கொருமுறை பூந்தொட்டி வாங்கும் தொகை அதற்குத் தாராளம். ஞாயிறு தமிழ் வகுப்பின் கடைசி அரைமணி திடலில் கழியட்டும். பாண்டிக் கட்டத்துக்கு எண் எழுதத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும். முதல் வாரம் பிள்ளைகள் என்ன செய்வதென்று அறியாமல் நிற்பார்கள். நம்மிடம் வந்து ‘போரடிக்கிறது’ என்பார்கள். பொறுத்திருக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் சண்டை வரும். அப்போதும் எழுந்து போகக் கூடாது.

வரும் பொதுக்குழுவில் அப்பலகையை அகற்றும் தீர்மானத்தை நாம் முன்மொழிகிறோம். முன்பு நட்டதற்குக் கையெழுத்திட்ட தமிழர் ஐவருள் இருவர் வழிமொழிவதாக வாக்களித்துள்ளனர். ஒருவர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். மற்றொருவருக்குச் சென்ற மாதம்தான் புதிய கார் வந்திருக்கிறது. பலகையைத் தாங்குவன நான்கு திருகாணிகள். திருப்புளி காவலாளியின் அறையில் உள்ளது, கேட்டுவைத்திருக்கிறோம்.